வோட்டர் ஐடி இருக்கிறது, ஓட்டு இருக்கிறதா? முதல் முறை வாக்களிக்கப் போகிறவர்களுக்கு

ஒவ்வொரு தேர்தல் அன்றும் வாக்குச்சாவடி வாசலில் சிலர் வோட்டர் ஐடியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அட்டை இருக்கே, அப்புறம் ஏன் விட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு வரும் கோபம் நியாயமானது, ஆனால் உள்ளே இருக்கும் அலுவலரால் ஒன்றும் செய்ய முடியாது. ஏனென்றால் ஓட்டுரிமையைத் தருவது அட்டை இல்லை, வாக்காளர் பட்டியல். பட்டியலில் இருக்கும் அந்தப் பெயருக்கு உரிய ஆள் நீங்கள்தான் என்று காட்டுவதற்கு மட்டும்தான் அட்டை. பெயர் இருந்து அட்டை தொலைந்து போயிருந்தால் ஓட்டுப் போட வழி உண்டு, அட்டை இருந்து பெயர் இல்லையென்றால் அன்றைக்கு எந்த வழியும் கிடையாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள், எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில், உங்களுக்கு வயதாகிவிட்டதா?

18 வயது முடிந்த இந்தியக் குடிமக்கள் எல்லாருக்கும் ஓட்டுண்டு. முன்பு 21 ஆக இருந்த வயது, அரசமைப்புச் சட்டத்தின் 61ஆவது திருத்தத்தால் 1989இல் 18 ஆனது. பலருக்கு இன்னும் தெரியாத விஷயம், எந்தத் தேதியில் 18 முடிந்திருக்க வேண்டும் என்பது. பல வருடங்களாக ஜனவரி 1 மட்டும்தான் கணக்கு, அதனால் ஜனவரி 2ஆம் தேதி பிறந்த பிள்ளை கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் இருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு நான்கு தேதிகள். மே மாதம் 18 முடிகிறது என்றால் ஜூலை 1 கணக்கில் நீங்கள் வந்துவிடுவீர்கள். 17 முடிந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பித்தும் வைக்கலாம், உரிய தேதி வரும்போது எடுத்துக்கொள்வார்கள். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிற அலைச்சலில் இது மறந்து போகும், அதனால் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் ஞாபகப்படுத்துவது நல்லது.

பெயர் சேர்ப்பது: படிவம் 6

முதல் முறை பெயர் சேர்க்க ஒரே படிவம்தான், படிவம் 6. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ நிரப்பலாம். ஆன்லைன் ஒத்துவராது என்பவர்கள் காகிதப் படிவத்தை நிரப்பி உங்கள் பகுதியின் பிஎல்ஓவிடம், அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம், அல்லது தாலுகா அலுவலகத்தில் கொடுக்கலாம், மாநகராட்சிப் பகுதி என்றால் மண்டல அலுவலகத்தில். பட்டியல் திருத்தம் நடக்கும் மாதங்களில் வாக்குச்சாவடிகளிலேயே சனி, ஞாயிறுகளில் சிறப்பு முகாம் போடுவார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வசதி. இதில் எதற்கும் கட்டணம் கிடையாது. "நான் சேர்த்துத் தருகிறேன், இவ்வளவு கொடு" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஓடிபி கேட்டு வருகிற அழைப்புகளும் அப்படித்தான், ஓடிபி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கொடுக்க வேண்டியவை மூன்று: பாஸ்போர்ட் அளவு போட்டோ, வயதுக்கு ஒரு ஆதாரம், முகவரிக்கு ஒரு ஆதாரம். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று. முகவரிக்கு ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பாஸ்போர்ட், அந்த முகவரியில் ஒரு வருடமாவது இருக்கும் கரண்ட், தண்ணீர் அல்லது கேஸ் பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் ஒன்று. பில் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை, அப்பா அம்மா பெயரில் இருந்தாலும் போதும். ஆதார் எண் இல்லை என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது, எண் இல்லாதவர்கள் இல்லை என்று குறிப்பிடப் படிவத்தில் இடமும் இருக்கிறது.

நம் ஊரில் பெரிய தலைவலி பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். படிவம் 6இல் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயர் இருந்தால் எழுத இன்னொரு கட்டம், உறவினர் பெயருக்குத் தனிக் கட்டம் என்று இருக்கும். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாதவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடலாம், அதில் அப்பா பெயரைக் கொண்டுபோய்த் திணித்தால் பிறகு அட்டையில் உங்கள் பெயரே வேறு மாதிரி வந்து நிற்கும். எந்த ஆவணத்தை இணைக்கிறீர்களோ அதில் இருக்கிற எழுத்துகளையே பின்பற்றுங்கள். அப்புறம், தமிழில் பெயர் எப்படி விழுகிறது என்று அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள். ஆங்கில எழுத்திலிருந்து கணினி தானாகத் தமிழுக்கு மாற்றும்போது ழகரமும் ணகரமும் படுகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை, பட்டியலில் அச்சாவது அந்தத் தமிழ்ப் பெயர்தான்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "சொந்த வீடு இல்லை, எங்கே சேர்க்கிறது" என்று பல வருடம் தள்ளிப்போடுகிறார்கள். சட்டம் கேட்பது நீங்கள் வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை மட்டும்தான், வீடு யாருடையது என்று கேட்கவில்லை. வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டாம். ஹாஸ்டல் மாணவர்கள் ஊர் வீட்டு முகவரியிலேயே வைத்துக்கொள்ளலாம், அல்லது கல்லூரி முதல்வரிடம் சான்று வாங்கி ஹாஸ்டல் முகவரியில் சேரலாம், எது வேண்டும் என்பது அவர்கள் விருப்பம், ஆனால் இரண்டில் ஒன்றுதான். தெருவோரத்தில் தங்கியிருப்பவர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு, முகவரி ஆதாரம்கூடத் தேவையில்லை: படிவத்தில் சொன்ன இடத்தில் அவர்கள் உண்மையிலேயே இரவில் தங்குகிறார்களா என்று பிஎல்ஓ நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. இப்படி ஒரு விதி இருப்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. உங்கள் தெருமுனையில் அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், படிவத்தை நிரப்பவும் உதவுங்கள்.

விண்ணப்பித்ததும் ஒரு குறிப்பு எண் வரும், அதைப் பத்திரமாக வையுங்கள். பிஎல்ஓ வீட்டுக்கு வந்து விசாரிப்பார், பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பிப் போனார் என்றால் விண்ணப்பம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பகலில் எல்லாரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள், பிஎல்ஓவின் எண்ணை அதே இணையதளத்தில் எடுத்து ஒரு போன் செய்துவிடுவது அதைவிட நல்லது. பெரும்பாலும் அவர்கள் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார்கள், தங்கள் வழக்கமான வேலைக்கு மேலேதான் இதையும் பார்க்கிறார்கள், மரியாதையாகப் பேசினால் வேலை நடக்கும். ஏற்கப்பட்டதும் அட்டை தபாலில் வீட்டுக்கு வரும்.

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்றால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாக்காளர் பதிவு அலுவலரின் உத்தரவை எதிர்த்து 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அங்கேயும் சரிவரவில்லை என்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

வீடு மாறினால், பெயரில் பிழை இருந்தால்: படிவம் 8

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும், வேலை மாறி சென்னைக்கோ கோவைக்கோ வந்ததும், புதிதாக இன்னொரு படிவம் 6 போட்டுவிடுகிறார்கள். பழைய பெயரும் அங்கே இருக்கும், புதுப் பெயரும் இங்கே இருக்கும். ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்பது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறையோ அபராதமோ உண்டு என்பதும் அதே சட்டம். ஏற்கெனவே பெயர் இருக்கிறவர்கள் முகவரி மாற்றம், எழுத்துப் பிழைத் திருத்தம், போட்டோ மாற்றம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறித்துக்கொள்வது என எல்லாவற்றுக்கும் படிவம் 8 போட்டால் போதும். வேறு தொகுதிக்கு, வேறு மாநிலத்துக்கே போனாலும் இதே படிவம்தான். வீட்டில் இறந்துபோனவர்களின் பெயர் இன்னும் பட்டியலில் இருந்தால் அதை நீக்க படிவம் 7. மனசுக்குக் கஷ்டமான வேலைதான், ஆனால் அந்தப் பெயரில் வேறு யாரோ ஓட்டுப் போடுவதற்கு இடம் கொடுக்காமல் இருக்க இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

பட்டியலைப் பாருங்கள், மறுபடியும் பாருங்கள்

"போன தேர்தலில் போட்டேனே" என்பது உத்தரவாதம் இல்லை. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அதில் நியாயமான நீக்கம் எவ்வளவு என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், வாக்காளராக நீங்கள் செய்ய வேண்டியது உங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பது. அட்டையில் இருக்கும் எண்ணை, மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டதை, ஆணையத்தின் தேடல் பக்கத்தில் போட்டால் தொகுதி, பாகம் எண் (தொகுதிப் பட்டியலில் உங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய பகுதியின் எண்), வரிசை எண், வாக்குச்சாவடி எல்லாம் வந்துவிடும். எண் இல்லாவிட்டால் பெயர், வயது, உறவினர் பெயரை வைத்துத் தேடலாம். கிடைக்கவில்லை என்று உடனே பயப்பட வேண்டாம், எழுத்தை மாற்றிப் பாருங்கள், இனிஷியல் இல்லாமல் பாருங்கள், அப்படியும் வரவில்லை என்றால் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் உங்கள் பாகத்தின் முழுப் பட்டியலையே இறக்கி வீட்டு எண்ணை வைத்துப் பாருங்கள். இணையம் இல்லாதவர்கள் 1950 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். வீட்டில் எல்லார் பெயரையும் ஒரே உட்காரலில் பார்த்துவிடுங்கள், பாட்டி தாத்தா பெயர்களை முக்கியமாக, அவர்களாகத் தேட மாட்டார்கள்.

எப்போது பார்ப்பது? வரைவுப் பட்டியல் வரும்போது ஒரு தடவை, இறுதிப் பட்டியல் வரும்போது ஒரு தடவை, தேர்தல் தேதி அறிவித்த அன்றைக்கே இன்னொரு தடவை. வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளோடு பட்டியலில் கை வைப்பது நின்றுவிடும். எந்த விண்ணப்பத்துக்கும் ஏழு நாள் ஆட்சேப அவகாசம் வேறு கொடுக்க வேண்டியிருப்பதால், அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாளுக்கு முன்னாலாவது படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மனு போட்டால் அடுத்த தேர்தலுக்குத்தான்.

அன்றைக்கு என்ன கொண்டுபோவது

வோட்டர் ஐடி இருந்தால் அது போதும். அட்டையில் சின்ன எழுத்துப் பிழை இருந்தால் ஆள் நீங்கள்தான் என்று தெரிகிற வரையில் அதைப் பொருட்படுத்தக் கூடாது. பழைய ஊரில் கொடுத்த அட்டையாக இருந்தாலும், இப்போதைய வாக்குச்சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால் செல்லும். போட்டோ ஆளோடு பொருந்தவில்லை என்றால்தான் வேறு ஆவணம் கேட்பார்கள்.

அட்டை இல்லாதவர்களுக்காக ஆணையம் மாற்று ஆவணங்களை அறிவிக்கும். 2024 மக்களவைத் தேர்தலில் அவை 12: ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், இந்திய பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, போட்டோவுடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மத்திய மாநில அரசு, பொதுத்துறை நிறுவனங்கள், பப்ளிக் லிமிடெட் கம்பெனிகள் ஆகியவற்றின் போட்டோவுடன் கூடிய பணியாளர் அட்டை, தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தின் மருத்துவக் காப்பீட்டு ஸ்மார்ட் கார்டு, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் ஸ்மார்ட் கார்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, எம்பி எம்எல்ஏக்களின் அட்டை. இதில் எது இல்லை என்பதைக் கவனியுங்கள். ரேஷன் கார்டு இல்லை. நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் முதலில் கைக்கு வருவது ஸ்மார்ட் ரேஷன் கார்டுதான், அதைக் கொண்டுபோய்த் திரும்பி வருகிறவர்கள் உண்டு. கல்லூரி ஐடி கார்டும் இல்லை, பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஐடி கார்டும் இல்லை.

பூத் சிலிப்பும் அடையாள ஆவணம் ஆகாது. முன்பு போட்டோவோடு வந்த சிலிப்பைக் காட்டிப் போட முடிந்தது, 2019இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது வருகிற தகவல் சீட்டு உங்கள் பாகம் எண், வரிசை எண், எந்த அறை என்று சொல்வதற்கு மட்டும். அதையும் எடுத்துக்கொண்டு போங்கள், வரிசை எண் கையில் இருந்தால் உள்ளே பெயர் தேடும் நேரம் மிச்சம். கட்சிக்காரர்கள் தரும் சீட்டில் சின்னமோ வேட்பாளர் பெயரோ இருந்தால் அதை உள்ளே கொண்டுபோக வேண்டாம், எண்ணை மட்டும் வேறு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

போனில்தான் ஆதார் இருக்கிறது என்று போகாதீர்கள். வாக்குச்சாவடிக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. 2025இல் இருந்து வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிட்டுத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்திருக்கிறது, ஆனால் ஒப்படைத்த போனில் இருக்கும் ஆதாரை உள்ளே எப்படிக் காட்டுவீர்கள்? 2021இல் இருந்து மின்னணு வாக்காளர் அட்டையும் இறக்கிக்கொள்ள முடிகிறது, அதை அச்செடுத்து லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் கையில் பிடிக்கிற அட்டையாகக் கொண்டுபோங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ மூலம் சேரலாம். அவர்களுக்கு வோட்டர் ஐடி தரப்படுவதில்லை, ஊருக்கு நேரில் வந்து அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஓட்டுப் போட வேண்டும்.

போக முடியாதவர்கள், உதவி தேவைப்படுகிறவர்கள்

85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். இதற்குப் படிவம் 12டி. பிஎல்ஓ வீட்டுக்கே கொண்டுவந்து தர வேண்டும், தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் நிரப்பித் திருப்பித் தர வேண்டும். ஐந்து நாள் என்பது ரொம்பக் கொஞ்சம், அதனால் பிஎல்ஓ வரும்வரை காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள். இதை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு சாவடிக்குப் போய்ப் போட முடியாது. படுக்கையில் இருக்கும் பெரியவர்களைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை, இந்த வசதியை அவர்களுக்காகவே வைத்திருக்கிறார்கள், பயன்படுத்துங்கள்.

பார்வையற்றவர்களும் உடல் நலிவால் தாங்களாகப் பொத்தானை அழுத்த முடியாதவர்களும் 18 வயது முடிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். அந்தத் துணை அன்று ஒருவருக்கு மட்டும்தான் துணை போக முடியும். இயந்திரத்தில் பிரெய்ல் எண்களும் உண்டு. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் வரிசையில் நிற்காமல் முன்னால் போகலாம், கேட்கத் தயங்க வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும், இது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135B பிரிவு, தினக்கூலிக்கும் பொருந்தும். "ஓட்டு ஊரில், வேலை இங்கே" என்றாலும் உண்டு.

உள்ளே நடப்பது, நடக்கக் கூடாதது

முதல் அலுவலர் அட்டையைப் பார்த்துப் பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்துச் சத்தமாக வாசிப்பார், கட்சிகளின் பூத் ஏஜெண்டுகள் கேட்பதற்காக. அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சீட்டு தருவார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் திறந்துவிடுவார். பொத்தானை அழுத்தியதும் பக்கத்தில் இருக்கும் விவிபேட் என்ற, போட்ட ஓட்டைக் காகிதச் சீட்டில் காட்டும் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் நீங்கள் போட்ட சின்னம் ஏழு விநாடி தெரியும், பார்த்துவிட்டு வாருங்கள். நேரம் முடிவதற்குள் வரிசையில் வந்து நின்றுவிட்டால் எவ்வளவு இருட்டினாலும் உங்களுக்கு ஓட்டு உண்டு, யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

நீங்கள் போவதற்கு முன்னாலேயே யாரோ உங்கள் பெயரில் போட்டுவிட்டுப் போயிருந்தால் அழுதுகொண்டோ சண்டை போட்டோ திரும்பாதீர்கள். தேர்தல் நடத்தை விதிகளில் 49P என்ற விதி உங்களுக்காக இருக்கிறது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபித்தால் காகித வாக்குச்சீட்டு தருவார், அதில் முத்திரை குத்திக் கொடுக்கலாம். இதுதான் டெண்டர் ஓட்டு. தனி உறையில் வைப்பார்கள், சாதாரண எண்ணிக்கையில் சேராது, ஆனால் வழக்கு என்று வரும்போது நீதிமன்றம் எடுத்துப் பார்க்க முடியும், ஒரு கள்ள ஓட்டு நடந்தது என்பதற்கும் அது பதிவு.

இதோடு ஒட்டி வாட்ஸப்பில் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு செய்தி சுற்றும்: பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி "சேலஞ்ச் ஓட்டு" போடலாம், டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு என்று. இரண்டும் பொய். சேலஞ்ச் என்பது வந்திருக்கும் ஆள் போலி என்று ஒரு பூத் ஏஜெண்டு 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது, அதை விசாரித்து நீங்கள் உண்மையான ஆள் என்று தெரிந்தால் ஓட்டுப் போட விடுவார்கள். பெயர் இல்லாதவருக்கு அதில் ஒன்றும் கிடையாது.

பெயரே இல்லாமல் திரும்பி வந்தவர்கள் அதே வாரம் படிவம் 6 போட்டுவிடுங்கள், அடுத்த சட்டமன்றத் தேர்தல் ஐந்து வருடம் கழித்துத்தானே என்று விடாதீர்கள். ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தேர்தல்களை மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக நடத்துகிறது, ஆனால் அதற்கான பட்டியலை இந்தச் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் எடுக்கிறார்கள். இதில் பெயர் ஏறினால் உங்கள் வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலிலும் ஏறும்.